ருமானாவுக்காக ஒரு குளியலறை

5 ஜூலை 2025, சனி

துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது ரூபன் போனில் கூப்பிட்டான். சனிக்கிழமை கூப்பிடுகிறவன் இல்லை என் தம்பி. சிகாமட்டில் மாமனார் சாப்பாட்டுக்கடையில் அன்றைக்குத்தான் கூட்டம் நெரியும். பின்னால் தட்டுச் சத்தமும் இல்லை.

ருமானாவுக்கு மார்பில் கட்டி. ஆபரேஷனே முடிந்துவிட்டதாம், போன மாதம். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை! "நீ பயந்துடுவக்கா, அதான்." பயப்படுவேன்தான். கூடப்பிறந்தவனின் பெண்டாட்டிக்கு இப்படி என்றால் பயப்படாமல் பின்னே? நன்றாக ஏசினேன். ஏசி முடித்துத்தான், இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

இனி ரேடியோதெராபி. ஆகஸ்டு மாதம் முழுக்க, சனி ஞாயிறு தவிர தினமும், இங்கே ஜொகூர் பாருவில். சிகாமட்டிலிருந்து தினம் வந்துபோக முடியாது, உடம்பு தாங்காது. அதனால் மருத்துவமனைப் பக்கமாக வாடகைக்கு ரூம் பார்த்துக்கொண்டிருக்கிறானாம்.

"ரூமா? அக்கா வீடு இங்கயே பெர்மாஸ் ஜெயால இருக்கு. நீ ரூம் தேடுறியா?"

"ருமானா சங்கடப்படுவாக்கா" என்றான். என்ன சங்கடம்? மழுப்பினான். நான் விடுவேனா? குடைந்து குடைந்து கேட்டதில் கடைசியில் வந்தது:

"ஒன் வீட்டு பாத்ரூம்க்கா."

6 ஜூலை, ஞாயிறு

நேற்று மேலே எழுத மனம் வரவில்லை. மீதி இன்று.

ரூபேந்திரன் ருமானாவைக் கட்டி, மதம் மாறி, நவ்சாத் என்று பெயர் வைத்துக்கொண்டு இருபது வருஷம் ஆகப்போகிறது. ஊருக்கெல்லாம் அவன் நவ்சாத். எனக்கு மட்டும் ரூபன், அவனும் ஒன்றும் சொல்வதில்லை. அப்பா உயிரோடு இருந்தவரை அவர்களை வாசலில்கூட நிற்க விடவில்லை. அப்பா போன பிறகு நான் கூப்பிட்டேன், வந்தார்கள். அதிலிருந்து தீபாவளிக்குத் தீபாவளி வருவார்கள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுவார்கள். ஒரு ராத்திரி தங்கியதில்லை.

ருமானா சோபாவின் நுனியில் உட்கார்ந்திருப்பாள். எதைக் கேட்டாலும் ஒரே பதில். தண்ணீர்? பரவால்ல அண்ணி. ஃபேனைக் கூட்டவா? பரவால்ல அண்ணி. கடை முதலாளி மகள், கொஞ்சம் கெத்து என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் அவள் ஒரு தடவைகூட பாத்ரூமுக்குப் போனதில்லையாம். காலையிலிருந்து தொண்டை நனைக்காமல் வருவாளாம். திரும்பும்போது ஹைவேயில் முதல் ஓய்விடம் வந்ததும் காரை நிறுத்தச் சொல்லி ஓடுவாளாம். ரூபன் இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எந்த ஊர் நியாயம் இது? நான் பலகாரத்தை அடுக்கி அடுக்கி வைத்து, "சாப்பிடும்மா, சாப்பிடும்மா" என்று உயிரை வாங்கியிருக்கிறேன். அவள் எதை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று யாருக்குத் தெரியும்?

மத்தியானம் அந்த பாத்ரூமில் போய் நின்று பார்த்தேன். நானும் என் வீட்டுக்காரரும் படுக்கையறைக்குள் இருக்கிற சின்ன பாத்ரூமைத்தான் பயன்படுத்துகிறோம். சமையலறையை ஒட்டிய இது, பேருக்கு விருந்தாளிகளுக்கு. உள்ளே பாதி இடத்தை வாஷிங் மெஷின் பிடித்துக்கொண்டிருக்கிறது. குந்துகிற கக்கூஸ். சிமெண்டுத் தொட்டி, அதன் விளிம்பில் பாசி. தாழ்ப்பாள் பாதிதான் விழும். கதவைத் திறந்தால் நேரே சாப்பாட்டு மேசை! அங்கே உட்கார்ந்து ரசம் ஊற்றிக்கொள்கிறவருக்கு உள்ளே நடக்கிற அத்தனையும் கேட்கும். ஒரு பெண்பிள்ளை எப்படிப் போவாள்?

இடிக்க வேண்டியதுதான்.

7 ஜூலை, திங்கள்

அவரிடம் சொன்னேன். சிங்கப்பூரில் வேலை முடிந்து, பாலத்து நெரிசலில் மழையில் நனைந்து மோட்டாரில் வந்து இறங்கிய மனுஷன். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. "சாப்பிட்டுட்டு இடிக்கலாமா?" என்றார்.

கனகராஜ் அகராதியில் அதற்குச் சரி என்று அர்த்தம்.

8 ஜூலை, செவ்வாய்

ரூபனைக் கூப்பிட்டு, ரூமும் வேண்டாம் கீமும் வேண்டாம் என்றேன். "கேட்டுப் பாக்குறேன்க்கா" என்கிறான். கேட்டால் அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாதா?

கேட்காதே, கூட்டிக்கொண்டு வா என்றேன்.

10 ஜூலை, வியாழன்

ஆ செங் வந்தார். மூன்றாவது தெருவில் சுபாஷினி வீட்டுக்கு டைல்ஸ் போட்ட சீனர். எதைச் சொன்னாலும் "போலே, போலே" என்று தலையாட்டுகிறார். முடியும், முடியும். கதவை அந்தப் பக்கம் திருப்பி, பின்னறைக்குள் திறக்கிற மாதிரி வைக்க முடியுமா? போலே. குந்துகிறதை எடுத்துவிட்டு உட்காருகிற கம்மோடு? போலே. கைப்பிடிக் கம்பி? போலே. முடியாது என்று ஒன்றுக்காவது சொன்னால்தான் எனக்கு நம்பிக்கை வரும்.

பின்னறை இப்போது சாமான் அறை. அதைக் காலிசெய்து ருமானாவுக்குக் கட்டில் போடுவேன். கதவு அங்கே திறந்தால், எங்கள் கண்ணில் படாமலே அவள் போய் வரலாம். இந்த யோசனை எனக்கு அரிசி களையும்போது வந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

13 ஜூலை, ஞாயிறு

ருமானாவுக்கு என்னென்ன வேண்டும் என்று ரூபனிடம் கேட்டேன். "ஒண்ணும் வேணாம்னு சொல்றாக்கா."

"அவளக் கேக்கல. ஒன்னக் கேக்குறேன்."

ஒளு எடுக்க, அதாவது தொழுவதற்கு முன்னால் கை கால் முகம் கழுவிக்கொள்ள, தாழ்வாக ஒரு குழாய் இருந்தால் நல்லதாம். ஆபரேஷன் ஆன பிறகு குனிவது கஷ்டம், அதனால் உட்கார ஒரு முக்காலி. இடது கையை மேலே தூக்க முடியவில்லை. "அப்புறம்க்கா, பாத்ரூம் கட்டும்போது கிப்லாவும் பாக்கணும், ஏன்னா—"

"தெரியும்டா, தெரியும்" என்றேன். கிப்லா தெரியாதா எனக்கு? முப்பது வருஷம் பாசிர் கூடாங் தொழிற்சாலையில் மலாய்க்காரப் பெண்களுக்கு லைன் லீடராக இருந்தவள். மக்கா இருக்கிற திசை. ஹோட்டல் அறையில் மேலே அம்புக்குறி ஒட்டியிருப்பார்களே, அது. அவன் இன்னும் என்னவோ சொல்ல வந்தான். அதற்குள் கடையில் யாரோ கூப்பிட்டார்கள், வைத்துவிட்டான்.

நானே போனில் தேடிப் பார்த்தேன். ஒளு எடுக்கும்போது கிப்லாவைப் பார்த்து உட்காருவது சிறப்பு என்று போட்டிருந்தது. அவ்வளவுதானே! குழாய், முக்காலி, கம்மோடு, எல்லாவற்றையும் அந்தத் திசையைப் பார்த்தே வைத்துவிடலாம். அதுதான் மரியாதை.

"ரூபன்கிட்ட இன்னொரு தடவை கேட்டுக்க" என்றார் இவர். "நீ பாதி கேட்டதுமே மீதிய நீயே முடிச்சிடுவ."

எதிலும் ஒரு நொட்டை.

18 ஜூலை, வெள்ளி

இடி ஆரம்பம். வீடெல்லாம் தூசி. குழம்பிலும் தூசி. எதிர் வீட்டு மலாய்க்கார அக்கா கக் யாத்தி இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு போனார்.

ஆ செங்கோடு இன்று ஒரு சண்டை. பழைய குழி இருந்த இடத்திலேயே, அது பார்த்த பக்கமே கம்மோடை வைத்துவிட்டால் சுலபம் என்கிறார். கூடாது, இந்தப் பக்கம்தான் திருப்பி வைக்க வேண்டும் என்றேன். போனில் கிப்லா காட்டுகிற ஆப்பை வேறு இறக்கி வைத்திருக்கிறேன். அதைத் தரையில் வைத்து, முள் நின்ற இடத்தில் சாக்பீஸால் கோடு கிழித்தேன். அவர் தலையைச் சொறிந்தார். தரையை இன்னும் உடைக்கணும், பைப்பை இழுக்கணும் என்றார். உடைங்க, இழுங்க.

"போலே" என்றார். இந்தத் தடவை ஒரே ஒரு போலே.

25 ஜூலை, வெள்ளி

டைல்ஸ் வெள்ளை எடுக்கவில்லை. வெள்ளை பார்த்தால் ஆஸ்பத்திரி ஞாபகம் வரும் அவளுக்கு. வெளிர் பச்சை, பாண்டான் இலையை அரைத்துக் கரைத்த தண்ணீர் மாதிரி. தரைக்குச் சொரசொரப்பானது, வழுக்காது. கடையில் இவர் பொறுமையாக என் பின்னால் தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு வந்தார். நம் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கக்கூட நீ இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை என்றார்.

பின்னறைச் சுவரில் இருந்த முருகர் காலண்டரை ஹாலுக்கு மாற்றினேன். முருகரிடம் சொல்லிவிட்டுத்தான் மாற்றினேன். கோபித்துக்கொள்கிறவரா அவர்? மேலே கூரையில் பச்சை அம்புக்குறி ஒன்று ஒட்டினேன், ஹோட்டலில் இருக்கிற மாதிரியே.

வருவாளா?

28 ஜூலை, திங்கள்

ரூபன் கூப்பிட்டான். வருகிறாளாம்! "ஒரு வாரம் பாப்போம், சரிவரலன்னா ரூம் எடுத்துக்கலாம்னு சொல்றாக்கா."

ஒரு வாரம். பார்ப்போம், யார் ஜெயிக்கிறார்கள் என்று.

3 ஆகஸ்டு, ஞாயிறு

வந்துவிட்டார்கள். மெலிந்திருக்கிறாள். முகத்தில் பழைய வட்டம் இல்லை. இடது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு காரிலிருந்து இறங்கினாள். நான் ஓடிப் போய்ப் பையைப் பிடுங்கினேன். "பரவால்ல அண்ணி" என்று அவள் சொல்வதற்குள் பை உள்ளே போய்விட்டது.

டீகூடக் கொடுக்காமல் பாத்ரூமைக் காட்டினேன். கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, இதோ குழாய், இதோ முக்காலி, இதோ பிடித்துக்கொள்ளக் கம்பி, பாரும்மா, எல்லாம் கிப்லாவைப் பார்த்தே வச்சிருக்கேன்! ரூபனைப் பார்த்தாள், ரூபன் தரையைப் பார்த்தான். பிறகு கண்ணில் தண்ணீர் தளும்ப, "ரொம்ப அழகா இருக்கு அண்ணி. எனக்கா இவ்வளவு?" என்றாள்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

சாயங்காலம் அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. போனாள்! என் வீட்டில் போனாள்! நான் அடுப்படியில் கரண்டியோடு நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். சே, என்ன ஜென்மம் நான்.

5 ஆகஸ்டு, செவ்வாய்

ரூபன் கடையைப் பார்க்க சிகாமட் திரும்பிவிட்டான், வாரக் கடைசியில் வருவான். காலையில் நானும் அவளும் கிராப் வாடகைக் காரில் மருத்துவமனை போகிறோம். உள்ளே கொஞ்ச நேரம்தான். காத்திருப்பதுதான் நெடுக. அவள் தோலில் மையால் கோடு போட்டிருக்கிறார்களாம், அது அழியக் கூடாதாம்.

மற்றபடி அதே ருமானா. சோபா நுனி. "பரவால்ல அண்ணி." கோழிக் குழம்பு காரமா என்றால் பரவால்ல. உப்பு தூக்கலா என்றால் பரவால்ல. இன்றைக்கு வேண்டுமென்றே உப்பே போடாமல் பொரியல் செய்து வைத்தேன். சாப்பிட்டுவிட்டு நல்லாயிருக்கு என்கிறாள்! இவளை என்னதான் செய்வது?

8 ஆகஸ்டு, வெள்ளி

தண்ணீரே குடிக்க மாட்டேன் என்கிறாள். கிளாஸில் ஊற்றி வைத்தால், ஊற்றி வைத்தபடி இருக்கிறது.

11 ஆகஸ்டு, திங்கள்

சனி ஞாயிறு ரூபன் வந்து போனான். ஒரு வாரம் முடிந்தது. ரூம் பேச்சை யாரும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. ஆனால் ஏதோ சரியில்லை. பாத்ரூமுக்குப் போனால் வெளியே வர ரொம்ப நேரமாகிறது. வரும்போது முகம் வெளுத்துப் போயிருக்கிறது. கேட்டால் — வேறென்ன பதில் வரும்?

12 ஆகஸ்டு, செவ்வாய்

மருத்துவமனையில் அவளுக்குத் தலைசுற்றல். ரத்தம், நீர் எல்லாம் பார்த்தார்கள். நீர்க்கடுப்பு, தொற்று. "இந்தம்மா தண்ணியே குடிக்கறதில்ல போல, அடக்கி அடக்கி வைக்கறாங்க" என்று நர்ஸ் என்னைப் பார்த்துச் சொன்னாள், ஏதோ நான்தான் குழாயைப் பூட்டி வைத்திருக்கிற மாதிரி. மருந்து கொடுத்து அனுப்பினார்கள்.

காரில் மருந்துப் பையை மடியில் வைத்துத் திருகிக்கொண்டே வந்தேன். கோபமா, அவமானமா, தெரியவில்லை. கதவைத் திருப்பினேன், தரையை உடைத்தேன், டைல்ஸ் கடை டைல்ஸ் கடையாக ஏறி இறங்கினேன். எல்லாம் செய்தும் பழையபடி அடக்கிக்கொண்டுதான் இருக்கிறாள். ஹைவே ஓய்விடத்தில் நம்பிப் போகிறவள், என் வீட்டில் போக மாட்டாளா? அப்படி என்னதான் குறை இதில்?

இவரிடம் புலம்பினேன். "அந்தப் புள்ளகிட்டயே கேளு" என்றார். எப்படிக் கேட்பது?

13 ஆகஸ்டு, புதன்

முதலிலிருந்து எழுதுகிறேன்.

மத்தியானம் கக் யாத்தி குயே பலகாரம் கொண்டுவந்தார், நோயாளியைப் பார்க்க. ருமானா தூங்கிக்கொண்டிருந்தாள். அத்தனை நாள் சத்தம் போட்டு அப்படி என்னதான் கட்டினாய், காட்டு என்றார். பூனைபோல நடந்து போய், பின்னறை வழியாகக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவர் கம்மோடைப் பார்த்தார். திரும்பி, அறைக் கூரையில் நான் ஒட்டிய அம்புக்குறியைப் பார்த்தார். வாயில் கையை வைத்துக்கொண்டார்.

"அலமாக், சந்திரா!"

ஹாலுக்கு இழுத்து வந்து மலாயில் மெதுவாகச் சொன்னார். கிப்லாவைப் பார்ப்பது தொழுகைக்கு. கழிப்பறையில் உட்காரும்போது அந்தப் பக்கம் முகமும் காட்டக் கூடாது, முதுகும் காட்டக் கூடாது. அதற்குத்தான் கட்டும்போது பார்க்க வேண்டும் என்பது. திருப்பாமல் இருப்பதற்கு!

ஐயோ. சாக்பீஸால் கோடு கிழித்து, அந்தச் சீனரோடு மல்லுக்கட்டி, சரியாக இருந்ததைத் தப்பாகத் திருப்பி வைத்திருக்கிறேன். அதை அவளிடமே பெருமையாகக் காட்டியும் இருக்கிறேன்.

கக் யாத்தி போனதும் பின்னறைக்குப் போனேன். எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"கம்மோடு தப்பான பக்கம் இருக்குன்னு ஒனக்குத் தெரியும்தானே?"

தலையைக் குனிந்துகொண்டாள். "பரவால்ல அண்ணி."

"அப்ப எப்படிப் போற நீ?"

"கொஞ்சம் திரும்பி ஒக்காந்துக்குவேன். கட்டடத்துக்குள்ளன்னா குத்தமில்லன்னு மார்க்கம் படிச்ச ஒஸ்தாசுங்க சொல்வாங்க. எனக்குத்தான் சின்னதுலருந்து பழகிப் போச்சா, மனசு கேக்கல."

புண் ஆறாத உடம்பை முறுக்கிக்கொண்டு, தூக்க முடியாத கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வலி தாங்காமல் தண்ணீர் குடிப்பதையே விட்டிருக்கிறாள். எனக்கு வந்ததே கோபம்! நோயாளி என்றுகூடப் பார்க்கவில்லை.

"வாய் இல்லையாடி ஒனக்கு? இத்தன வருசமா பரவால்ல பரவால்ல! நான் என்ன கடிச்சா தின்னுருவேன்? ஒரு வார்த்த சொன்னா என்ன?"

அவளும் கத்தினாள். ருமானா! குரலே கேட்டிராத ருமானா!

"எப்படிச் சொல்றது? கதவத் தெறந்து காமிச்சீங்களே, அன்னிக்கு ஒங்க மொகத்த நீங்க பாத்தீங்களா? எங்க உம்மா மவுத்தாப் போனதுலருந்து எனக்குன்னு ஒருத்தரும் ஒரு ஆணி அடிச்சதில்ல அண்ணி. நீங்க செவுத்தையே இடிச்சு வச்சிருக்கீங்க. அதப் போயி தப்புன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

அப்புறம் இரண்டு பேரும் அழுதோம். கட்டிப்பிடிக்கவும் பயம், இடது பக்கம் புண். வலது பக்கமாக வந்து பிடித்துக்கொண்டேன்.

13 ஆகஸ்டு, சாயங்காலம்

ரூபனைக் கூப்பிட்டேன். அவனுக்கும் முதல் நாளே தெரியுமாம். சொல்லக் கூடாது என்று அவள் சத்தியம் வாங்கிவிட்டாளாம். "நான் அன்னிக்கு போன்லயே சொல்ல வந்தேன்க்கா, நீதான் தெரியும் தெரியும்ன—"

தெரியும்டா, வை போனை.

இவர் சொல்லிக்காட்டவில்லை. அதற்கே இவருக்குக் கோயில் கட்டலாம். ஆ செங்குக்கு இவரே போன் போட்டார்.

14 ஆகஸ்டு, வியாழன்

ஆ செங் வந்து பார்த்தார். பழைய பக்கமே திருப்ப வேண்டும் என்றேன். என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போலே சொன்னார், பாவம். தரையை மறுபடி உடைத்து, பைப்பை மாற்றி, சிமெண்டு காய்ந்து, டைல்ஸ் ஒட்ட வேண்டும். ஒரு வாரத்துக்கு அந்தப் பக்கம் யாரும் போகக் கூடாது.

மிச்சம் இருப்பது எங்கள் படுக்கையறைக்குள் இருக்கிற பாத்ரூம்தான். சோப்பு வைக்க இடமில்லாத பொந்து. ஆப்பை எடுத்துப்போய்ப் பார்த்தேன். நல்லவேளை, அங்கே கம்மோடு கிப்லாவுக்குக் குறுக்கே இருக்கிறது. கட்டியவன் புண்ணியவான்.

"ஒங்க ரூமுக்குள்ளயா?" என்றாள் ருமானா. அப்படியே சிவந்து போனாள். பரவால்ல என்று சொல்ல வாயெடுத்தாள், நான் முறைத்தேன், மூடிக்கொண்டாள்.

16 ஆகஸ்டு, சனி

விடியற்காலை. இவர் லீவு நாளென்று கட்டிலில் கைலியோடு மல்லாந்து கிடக்கிறார். ருமானா தலையில் துணியைப் போட்டுக்கொண்டு வாசற்படியில் நின்று, "அண்ணி, வரலாமா?" என்று கிசுகிசுக்கிறாள். கட்டிலைச் சுற்றி நுனிக்காலில் நடந்து போகிறாள். இவர் தூங்குகிற மாதிரி நடிக்கிறார், கூடவே குறட்டை வேறு. விழித்திருக்கும்போது இவர் இவ்வளவு அழகாகக் குறட்டை விட்டு நான் பார்த்ததில்லை. அவள் போன பிறகு போர்வைக்குள் சிரித்து எனக்கு விக்கலே வந்துவிட்டது.

18 ஆகஸ்டு, திங்கள்

நேற்றிலிருந்து வாசலில் நின்று கேட்பதில்லை. தட்டிவிட்டு வந்துவிடுகிறாள். தண்ணீர் குடிக்கிறாள்.

19 ஆகஸ்டு, செவ்வாய்

மருத்துவமனையிலிருந்து வந்ததும் குளிக்கப் போனாள். நான் கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. பிறகு கதவு கொஞ்சமாகத் திறந்தது.

"அண்ணி... கை வர மாட்டேங்குது. முதுகுக்குக் கொஞ்சம் தண்ணி ஊத்துறீங்களா?"

நான் எழுந்து போன வேகத்தில் மடித்த துணியெல்லாம் கீழே. கைலியை மார்புவரை கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அக்குள் ஓரத்தில் தோல் கருத்து, நெருப்பில் காட்டின மாதிரி. மைக்கோடு ஒன்று தோளுக்குக் கீழே ஓடுகிறது. அந்தப் பக்கம் படாமல், கோடு அழியாமல், கையால் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினேன். சோப்பை உள்ளங்கையில் நுரைத்துத் தேய்த்தேன்.

"அசிங்கமா இருக்கா அண்ணி?"

"போடி. எனக்கு ரெண்டு சிசேரியன். என் வயித்த வந்து பாரு, மலேசியா மேப்பு மாதிரி இருக்கும்."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள், முதுகு குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

அவள் கேட்டாள். எனக்கு இது போதும்.

23 ஆகஸ்டு, சனி

புது பாத்ரூம் தயார். கம்மோடு சரியான பக்கம் உட்கார்ந்துவிட்டது. கக் யாத்தி வந்து பார்த்து "பாகுஸ்", நன்றாயிருக்கிறது என்றார். ருமானா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். இந்தத் தடவை அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முக்காலி கொஞ்சம் ஆடுது அண்ணி" என்றாள்.

குறை சொன்னாள்! இவரைக் கூப்பிட்டு, உடனே காலுக்கு ரப்பர் வைக்கச் சொன்னேன். ரூபன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். முக்காலி ஆடுவதற்கு யாராவது இப்படிச் சந்தோஷப்படுவார்களா என்று நினைத்திருப்பான்.

25 ஆகஸ்டு, திங்கள்

ஒளு எடுக்க மட்டும் புதுசுக்குப் போகிறாள். குளிக்க இன்னும் எங்கள் அறைக்கே வருகிறாள். குளித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டு, ரூபனைப் பற்றி என்னிடம் கோள் சொல்கிறாள். கடையில் அவன் போடும் டீ வாயில் வைக்க முடியாதாம். எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் அவன் போட்ட டீயைக் குடித்துத்தான் அப்பாவுக்குச் சர்க்கரையே வந்தது என்றேன்.

29 ஆகஸ்டு, வெள்ளி

சிகிச்சை முடிந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். என்ன சொல்வார்கள் என்று யாருக்கும் தெரியாது. டாக்டர் நல்லபடியாகத்தான் பேசினார். அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

ரூபன் வந்து கூட்டிப்போனான். கார் மூலை திரும்பிய பிறகும் நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீடு வெறிச்சென்று இருக்கிறது. அழுதேன், அதை எழுதுவதில் வெட்கம் இல்லை.

12 செப்டம்பர், வெள்ளி

இவர் புது பாத்ரூமைப் பிடித்துக்கொண்டார். கம்மோடு உயரம் முட்டிக்கு வாகாக இருக்கிறதாம். தினமும் செய்தித்தாளோடு போய் உட்கார்ந்துவிடுகிறார். இது விருந்தாளிக்குக் கட்டியது என்றால், "அந்த விருந்தாளி எங்க?" என்கிறார்.

20 அக்டோபர், திங்கள், தீபாவளி

நேற்றே வந்துவிட்டார்கள், இரண்டு ராத்திரி தங்க. முகம் கொஞ்சம் தேறியிருக்கிறது. வந்ததும் வராததுமாக ஃபிரிட்ஜைத் திறந்து தண்ணீர் எடுத்துக் குடித்தாள். முறுக்கில் ஓமம் தூக்கல் என்றாள்.

இன்று காலை தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு எங்கள் பாத்ரூமில் குளித்துக்கொண்டிருந்தேன். சீயக்காய் கண்ணில் இறங்கி எரிச்சல். அப்போது கதவு அதிர்ந்தது, இடி விழுந்த மாதிரி.

"அண்ணி! எவ்வளவு நேரம் உள்ள? சீக்கிரம் வாங்க, எனக்கு அவசரம்!"

"புதுசுக்குப் போயேன்டி!"

"அது எதுக்கு? எனக்கு இதான் பழக்கம். வாங்க வெளிய!"

மறுபடி இடித்தாள். தாழ்ப்பாள் ஆடியது. ஹாலில் இவரும் ரூபனும் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"வரேன்டி, வரேன்" என்று கத்திவிட்டு, வேண்டுமென்றே இன்னும் இரண்டு சொம்பு ஊற்றிக்கொண்டேன்.